பழைய பெட்டி, புதுப் பூட்டு

பழைய வீட்டுக் கணினிகளை இன்றைய இணையத்தோடு பாதுகாப்பாக இணைப்பது பற்றி வானொலியில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நாற்பது வருஷத்துப் பெட்டியை இணையத்தில் போட்டு என்ன செய்யப்போகிறோம் என்று சிலர் கேட்கலாம். அவர்கள் ஓசூர் சிப்காட்டில் ஏதாவது ஒரு சின்ன ஜாப் ஒர்க் ஷெட்டுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். தொண்ணூறுகளில் வாங்கிய, கணினிக் கட்டளைப்படி உலோகம் வெட்டும் சிஎன்சி மெஷின் இன்றும் ஷிப்டுக்கு ஷிப்டு ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில், எண்ணெய்ப் பிசுக்கேறிய கீபோர்டோடு ஒரு டாஸ் கம்ப்யூட்டர். இரண்டுக்கும் நடுவே ஒரு சீரியல் கேபிள். மெஷின் நன்றாக ஓடும்போது முதலாளி ஏன் மாற்றப்போகிறார்? மாற்றவும் வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

அந்த மாதிரி மெஷின்களின் எலக்ட்ரானிக்ஸ் பக்கத்தைப் பழுது பார்ப்பது என் தொழில். லீவு கிடைத்தால் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பழைய பெட்டி தேடி அலைவது என் கிறுக்கு. அத்திப்பள்ளி தாண்டினால் பஸ்ஸில் ஒரு மணி நேரம். டிராஃபிக் மனசு வைக்காவிட்டால் இரண்டு. அப்படிக் கிடைத்ததுதான் என்னிடம் இருக்கும் பிபிசி மைக்ரோ.

பெயரைக் கேட்டதும் வானொலிக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆமாம், அதே பிபிசிதான். பிரிட்டனில் பொதுமக்களுக்குக் கணினி கற்றுத்தர அந்த நிறுவனம் ஒரு திட்டம் போட்டது. அதற்காக கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் கம்பெனி 1981இல் இந்தப் பெட்டியைச் செய்து கொடுத்தது. இந்திய அரசு 1984இல் ‘கிளாஸ்’ என்ற பெயரில் பள்ளிகளுக்குக் கணினியைக் கொண்டுபோன போது, நம் பிள்ளைகள் முன்னால் வந்து உட்கார்ந்ததும் இதுதான். ஓசூரில் லேலண்டும் டிவிஎஸ் மொபெட்டும் காலூன்றி நாலு வருஷம் ஆகியிருந்த காலம் அது. டைட்டன் கம்பெனி பதிவானதும் அதே 1984இல்தான்.

பெட்டியின் நினைவகம் 32 கேபி. வரிக்கு 80 எழுத்து வேண்டும் என்று கேட்டால் அதில் பாதியைத் திரையே தின்றுவிடும். நிரல்களைச் சேமிப்பது பாட்டு கேட்கும் அதே கேசட்டில். இந்த இடத்தில் வானொலிக்காக ஒரு தகவல் சொல்லியே ஆக வேண்டும். நெதர்லாந்தில் அந்தக் காலத்தில் வானொலியிலேயே நிரல்களை ஒலிபரப்பினார்கள்! கீ என்று கத்தும் அந்தச் சத்தத்தை நேயர்கள் கேசட்டில் பதிந்து, தங்கள் கணினியில் ஏற்றிக்கொண்டார்கள். பேசிக்கோடு என்று பெயர். இப்போது நான் அப்படிக் கத்தினால் நீங்கள் நிலையத்தை மாற்றிவிடுவீர்கள், விஷயத்துக்கு வருகிறேன்.

பிபிசி மைக்ரோவுக்குக் கடவுச்சொல் கிடையாது. ஸ்விட்சைப் போட்டால் ஒரு பீப், உடனே பேசிக் மொழி தயார். கீபோர்டைத் தொடுகிறவர்தான் அதற்கு எஜமானர். இந்தப் பெட்டியின் பின்பக்கம் ஒரு சீரியல் துளை உண்டு. ஸ்டார் எஃப்எக்ஸ் 2,1 என்று ஒரு கட்டளை கொடுத்தால், கீபோர்டுக்குப் பதில் அந்தக் கம்பி சொல்வதைக் கேட்க ஆரம்பித்துவிடும். ஸ்டார் எஃப்எக்ஸ் 3,1 கொடுத்தால் பதிலும் கம்பியிலேயே போகும். ஆக, கம்பியைத் தொட்டவரும் எஜமானர் ஆகிவிடுகிறார். அந்தக் கம்பியின் மறுமுனை இணையம் என்றால்?

தூரத்திலிருந்து கணினியை ஆள்வதற்கு அன்று டெல்நெட் இருந்தது. அதில் கடவுச்சொல் உட்பட எல்லாமே அம்மணமாகப் போகும். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுவிட்டார்கள். அந்தக் கோபத்தில் டாட்டூ இலோனென் என்பவர் எழுதியதுதான் எஸ்எஸ்ஹெச். இன்று உலகத்துச் சர்வர்களில் பெரும்பாலானவற்றை அதன் வழியாகத்தான் ஆள்கிறார்கள். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு ரகசிய எண்ணை வைத்துக் கணக்குப் போடும். விடைகளை மட்டும் வெளிப்படையாகப் பரிமாறிக்கொள்ளும். அதிலிருந்து இருவருக்கும் ஒரே சாவி கிடைக்கும். நடுவில் கேட்பவனுக்குக் கிடைக்காது.

சரி, அந்தக் கணக்கை பிபிசி மைக்ரோவே போட முடியுமா? எனக்குத் தூக்கம் கெட்ட கேள்வி இது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், பேனா பேப்பர் தேவையில்லை.

இன்று பரவலாக இருக்கும் முறையில் எண் ஒவ்வொன்றும் 256 பிட், அதாவது 32 பைட். பழைய சில்லு ஒரு நேரத்தில் ஒரு பைட்டைத்தான் கையில் எடுக்கும். 32 பைட்டை 32 பைட்டால் பெருக்க, நாம் பள்ளியில் போட்ட மாதிரியே போட்டால் 1,024 சின்னப் பெருக்கல். அந்த மாதிரிப் பெரிய பெருக்கல் ஒரு சாவிக் கணக்குக்கு ஏறக்குறைய 2,800 தேவைப்படும். ஆக மொத்தம் 28 லட்சம் சின்னப் பெருக்கல். ஆனால் பிபிசி மைக்ரோவில் இருக்கும் 6502 சில்லுக்குப் பெருக்கவே தெரியாது! கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியும், நகர்த்தத் தெரியும், அவ்வளவுதான். நகர்த்தி நகர்த்திக் கூட்டினால் ஒரு சின்னப் பெருக்கலுக்கு 150 துடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 42 கோடி. சில்லு விநாடிக்கு 20 லட்சம் துடிப்பு துடிக்கும். கணக்குப் போடுங்கள்: மூன்றரை நிமிடம். இப்படி இரண்டு முறை வேறு செய்ய வேண்டும். மறுமுனையில் இருக்கும் ஓபன் எஸ்எஸ்ஹெச் வழக்கமாகக் காத்திருப்பது 120 விநாடி. நம் பெட்டி பாதிக் கணக்கு போடுவதற்குள் கதவைச் சாத்திவிடும்.

ஆனால் ஒரு தந்திரம் இருக்கிறது. ஏழையும் ஐந்தையும் பெருக்க வேண்டும். கூட்டுங்கள், 12. கழியுங்கள், 2. பன்னிரண்டின் வர்க்கம் 144, அதில் கால் பங்கு 36. இரண்டின் வர்க்கம் 4, அதில் கால் பங்கு 1. முப்பத்தாறில் ஒன்று போனால் 35. ஏழைந்து முப்பத்தைந்து! பெருக்கலே செய்யவில்லை பாருங்கள். கால் வர்க்கங்களை முன்கூட்டியே ஒரு பட்டியலாக நினைவகத்தில் வைத்துவிட்டால் இரண்டு தடவை பார்த்து ஒரு கழித்தல், வேலை முடிந்தது. பட்டியலுக்கு 1 கேபி போதும். கால்குலேட்டர் வராத 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பட்டியலைப் புத்தகமாகவே அச்சடித்து விற்றிருக்கிறார்கள். இப்படிச் செய்தால் மூன்றரை நிமிடம் ஒரு நிமிடத்துப் பக்கத்தில் வருகிறது. இரண்டு கணக்கில் ஒன்றை, இணைப்புக்கு முன்னமே போட்டு வைத்துக்கொள்ளலாம். அப்போது கதவு சாத்துவதற்குள் நுழைந்துவிடக்கூட வாய்ப்பிருக்கிறது. எனக்கு இதில் கிடைக்கிற சந்தோஷம் சினிமாவில் கிடைப்பதில்லை.

சந்தோஷம் வேறு, பாதுகாப்பு வேறு. ரகசிய எண் உண்மையிலேயே யாராலும் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும். இந்தப் பெட்டியில் அதற்கு நல்ல ஊற்று கிடையாது. பேசிக்கில் தற்செயல் எண் தரும் ஆர்என்டி, விளையாட்டில் தாயம் உருட்டத்தான் லாயக்கு. நூறில் ஒரு பங்கு விநாடியை எண்ணும் கடிகாரம் உண்டு. ஆனால் ஸ்விட்ச் போட்டு எத்தனை விநாடி ஆயிற்று என்பதை ஒருவன் ஊகித்துவிடுவான். அதனால் வேலை என்று வந்தால் நான் பூட்டைப் பெட்டிக்குள் வைப்பதில்லை, வாசலில் வைக்கிறேன்.

ராஸ்பெரி பை ஸீரோ டபிள்யூ என்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு போர்டு இருக்கிறது. வைஃபை உண்டு, எஸ்எஸ்ஹெச் உண்டு. இணையத்துப் பக்கம் எல்லாப் பேச்சும் பூட்டோடு; பிபிசி பக்கம் பழைய சீரியல் கம்பி. நடுவில் மேக்ஸ் 3232 என்ற சில்லு ஒன்று கட்டாயம் வேண்டும். பை போர்டின் முள்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது; பழைய சீரியல் கம்பியில் மைனஸ் வோல்ட் கூட வரும். நேராகச் சேர்த்தால் போர்டு போய்விடும். வேகத்துக்கு ஸ்டார் எஃப்எக்ஸ் 7,7, ஸ்டார் எஃப்எக்ஸ் 8,7, அதாவது 9,600. பிறகு டீக்கடையில் உட்கார்ந்து போனில் பிரிண்ட் 7 ஸ்டார் 5 என்று தட்டினால், வீட்டு மேஜை மேல் இருக்கும் பிபிசி 35 என்று பதில் அனுப்பும். அந்தச் சின்ன போர்டில் ஓடுவது ஆர்ம் சில்லு. ஏகார்னில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் உருவாக்கி 1985இல் ஓடவிட்ட சில்லின் வழியில் வந்தது. அதன் கட்டளைத் தொகுப்பை வில்சன் முதலில் ஓட்டிப் பார்த்தது பிபிசி மைக்ரோவில்தான்.

சிப்காட் கம்பெனிகளுக்கு சீல் வைத்த லாரி வருமே, அந்தக் கதைதான் இது. கேட்டில் செக்யூரிட்டி சீலை உடைத்துச் சரிபார்ப்பார். அங்கிருந்து ஸ்டோர் வரைக்கும் சரக்கு திறந்த டிராலியில்தான் போகும். அதுபோல போர்டிலிருந்து மெஷினுக்குப் போகும் அந்த ஒரு மீட்டர் கம்பியில் பூட்டு இல்லை. ஆகவே போர்டை மெஷின் பேனலுக்குள்ளேயே வைத்துப் பூட்டச் சொல்வேன். ஒரு பட்டறையில் சிஎன்சியின் சீரியல் கம்பியை யாரோ நெட்வொர்க் கன்வெர்டர் ஒன்றில் சொருகி, கடவுச்சொல்லே இல்லாமல் இணையத்தில் திறந்துவிட்டிருந்தார்கள். ‘பெங்களூர்ல இருந்தே ப்ரோக்ராம் ஏத்தலாம் சார்’ என்றார் முதலாளி, பெருமையாக. அவர் ஏற்றலாம், சரி. பிரேசிலில் இருப்பவனும் ஏற்றலாமே என்றேன். அன்றைக்கே பிடுங்கிவிட்டுச் சின்ன போர்டு வைத்தோம். முதலில் மெஷினின் ஃபானுக் கன்ட்ரோல், தகவல் தொடர்பில் கோளாறு என்று சொல்லும் 085 அலாரம் காட்டியது. ஏழு பிட், ஈவன் பாரிட்டி, இரண்டு ஸ்டாப் பிட் என்று அது கேட்டபடி வைத்ததும் வழிக்கு வந்தது. தூரத்திலிருந்து ப்ரோக்ராம் ஏற்றலாம், இறக்கலாம். சைக்கிள் ஸ்டார்ட் பட்டனை மட்டும் ஆபரேட்டர் நேரில் நின்று அழுத்த வேண்டும். இதில் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை. உள்ளே கை வைத்து ஜாப் மாட்டுகிறவர் அவர்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைகை காட்டுகிறார்கள். மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். போர்டில் கடவுச்சொல் நுழைவை நிறுத்திவிட்டு, சாவிக் கோப்பு முறையை மட்டும் வையுங்கள். ரூட்டரில் நேராகத் துளை போடாதீர்கள், விபிஎன் வழியே வாருங்கள். போர்டுக்கு அப்டேட் போடுவதை மறக்காதீர்கள். விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றது 2014 ஏப்ரலில், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வானாக்ரை வந்தது 2017 மே மாதத்தில். எங்கள் பகுதிப் பட்டறைகளில் எக்ஸ்பி இன்னும் ஓடுகிறது என்பதைச் சிரிக்காமல் சொல்கிறேன்.

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் ஏதாவது பள்ளிப் பரணில் ஒரு பிபிசி மைக்ரோ இன்னும் இருக்கும் என்று நம்புகிறேன். இருந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். ஆசையில் உடனே ஸ்விட்சையும் போட்டுவிடாதீர்கள். பவர் சப்ளைக்குள் ரிஃபா என்று எழுதிய, மஞ்சளாகக் கண்ணாடி மாதிரித் தெரியும் கெபாசிட்டர் இருக்கும். மேலே விரிசல் விட்டிருந்தால் 230 வோல்ட் பட்டதும் வீடெல்லாம் புகையும் நாற்றமும்தான். அதிகம் செலவில்லாத வேலை, முதலில் அதை மாற்றுங்கள். பிறகு சீரியல் கேபிள் மாட்டும்போது இரண்டு பக்கமும் பவரை நிறுத்திவிட்டு மாட்டுங்கள்.