கணக்கெடுக்க வருபவரும் நம் வீட்டுக் கதவும்

(புள்ளியியல் நாளையொட்டி நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜூன் 29 புள்ளியியல் நாள். பேராசிரியர் மகலனோபிஸ் 1893-ல் பிறந்த நாள் அது. 2007 முதல் இந்த நாளைக் கொண்டாடி வருகிறார்கள். ஒவ்வொரு வீடாக எண்ணாமல், முறைப்படி தேர்ந்தெடுத்த சில வீடுகளை விசாரித்தே நாட்டின் நிலையை அறியலாம் என்பதை இங்கே நிலைநாட்டியவர் அவர். 1950-ல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

வங்கியில் கிளார்க்காக இருந்த எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். என் தம்பி மகள் பொருளாதாரம் படிக்கிறாள். மத்திய புள்ளியியல் அமைச்சகம் மாணவர்களுக்கு நடத்தும் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்து, கோடை விடுமுறையில் களப்பணியைப் பார்த்து வந்தாள். மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகை. அவள் சொன்னவற்றில் நமக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அவளுக்குக் கிடைத்த பாடம், கேள்வி கேட்பது எவ்வளவு கடினம் என்பது. வேலைவாய்ப்பு பற்றிய ஆய்வுக்கு அலுவலர் ஒருவருடன் போயிருக்கிறாள். ஒரு வீட்டில் ஒரு அம்மா. "வேலைக்குப் போறீங்களா?" என்றால், "வேலைக்கெல்லாம் போகலம்மா, வீட்லதான் சும்மா இருக்கேன்" என்கிறார். மடியில் சுளகு. அதில் பீடி இலையும் தூளும். பேசிக்கொண்டே கை பீடி சுற்றிக்கொண்டிருக்கிறது! அந்த அலுவலர் அனுபவசாலி. "கடந்த ஏழு நாளில் எத்தனை பீடி சுத்தினீங்க? கூலி யார் தர்றாங்க?" என்று பொறுமையாகக் கேட்டுப் பதிவு செய்தாராம். அந்த ஏழு நாளில் ஒரு நாளாவது, ஒரு மணி நேரமாவது வருமானத்துக்காக உழைத்திருந்தால் அவர் வேலையில் இருப்பவர் என்பது விதி. கேட்காமல் விட்டிருந்தால் அந்த அம்மா கணக்கில் "வேலை செய்யாதவர்" ஆகியிருப்பார். நம் தென்காசிப் பக்கம் இப்படி "சும்மா இருக்கும்" பெண்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

"பெரியப்பா, பாடப்புத்தகத்தில் ஒரு சதவீதம் என்று படித்துவிட்டுப் போய்விடுவோம். அது இப்படி ஒரு திண்ணையில் பிறக்கிறது என்று தெரியாமல் போச்சு" என்றாள்.

இரண்டாவது பாடம்தான் நம்மைப் பற்றியது. ஏழை வீட்டில் பாய் விரித்து உட்காரச் சொல்கிறார்கள். மோர் கொடுக்கிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் கேட்டுக்குள்ளேயே விடுவதில்லை. அவள் போன ஊர் ஒன்றில், பெயர் வேண்டாம், செக்யூரிட்டி செயலாளரைக் கேட்கச் சொன்னார். செயலாளர் கடிதம் கேட்டார். கடிதத்தைக் காட்டினால், "யாரும் வீட்டில் இல்லை" என்று பதில் வந்தது. மூன்று நாள் அலைந்தும் ஒரு கதவு திறக்கவில்லை.

அவர்கள் பயப்படுவதில் நியாயம் உண்டு. ஓடிபி கேட்டுப் பணத்தைச் சுருட்டுகிறவர்களும், "டிஜிட்டல் கைது" என்று மிரட்டுகிறவர்களும் குறிவைப்பது நம்மைப் போன்ற முதியவர்களைத்தான். நானே வங்கியில் பல பேரின் கண்ணீரைப் பார்த்தவன். எனவே கதவைக் கண்ணை மூடிக்கொண்டு திறங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் திறக்காததால் என்ன நஷ்டம் என்பதையும் பார்க்க வேண்டும்.

வணிகவியல் படித்தவர்களுக்கு விடு பிழை தெரிந்திருக்கும். ஒரு வரவு செலவை ஏட்டில் முழுவதுமாகப் பதியாமல் விட்டால், இருப்பாய்வில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும். ஒத்துப்போவதால் பிழை கண்ணுக்கே தெரியாது. கணக்கெடுப்பிலும் இதே கதைதான். ஒரு வீடு மறுத்தால் வேறு வீட்டை எடுத்துக்கொள்கிறார்கள். எண்ணிக்கை சரியாகிவிடும். ஆனால் மறுப்பவர்கள் எல்லாம் ஒரே மாதிரி வசதி உள்ளவர்களாக இருந்தால், அந்த வாழ்க்கை ஏட்டில் ஏறாமலே போய்விடும். 2023-24 குடும்பச் செலவு ஆய்வில் ஒரு நபரின் சராசரி மாதச் செலவு கிராமத்தில் 4,122 ரூபாய், நகரத்தில் 6,996 ரூபாய். நகரத்தில் இவ்வளவுதானா என்று நமக்குத் தோன்றும். சராசரியில் எல்லாத் தரப்பும் அடக்கம் என்பது ஒரு பக்கம். வசதியுள்ள வீடுகள் சரியாகப் பதில் சொல்வதில்லை என்பது இன்னொரு பக்கம்.

ஒரு வீடு என்ன செய்துவிடும்? 2025 முதல் வேலைவாய்ப்பு ஆய்வை மாற்றி அமைத்திருக்கிறார்கள். இப்போது மாவட்டத்தை அடிப்படையாக வைத்தே வீடுகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்வான ஒவ்வொரு பகுதியிலும் 12 வீடுகள். நாடு முழுவதும் சுமார் 2.72 லட்சம் வீடுகள். 2011 கணக்குப்படியே நாட்டில் ஏறக்குறைய 25 கோடிக் குடும்பங்கள். வகுத்துப் பாருங்கள்: தேர்வான ஒரு வீடு 900-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்காகப் பேசுகிறது. நம் தென்காசி மாவட்டமே 2019 நவம்பரில்தான் பிறந்தது. நமக்கென்று நம்பகமான புள்ளிவிவரம் இனிமேல்தான் சேர வேண்டும்.

என் பென்ஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். அகவிலைப்படி தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டைப் பொறுத்தது. அதில் உணவுக்கு எவ்வளவு எடை என்பதைத் தொழிலாளர் குடும்பங்களின் செலவை விசாரித்துத்தான் முடிவு செய்கிறார்கள். 2016-ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய வரிசையில் உணவின் எடை 46 சதவீதத்திலிருந்து 39 சதவீதமாகக் குறைந்தது. எங்கோ முகம் தெரியாத குடும்பங்கள் உட்கார்ந்து பதில் சொன்னதில்தான் எங்கள் பென்ஷன் ஏறுகிறது, நிற்கிறது. அடுத்தவர் கதவு திறந்ததில் நாம் பலன் பெறுகிறோம். நம் கதவு மட்டும் மூடியிருக்கலாமா?

சொன்ன விவரம் வருமான வரித்துறைக்குப் போகுமோ என்று சிலர் கேட்பார்கள். 2008-ம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டப்படி, தனிநபர் விவரத்தைப் புள்ளியியல் தவிர வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாம் சொல்வதை 1948-ம் ஆண்டுச் சட்டம் காக்கிறது.

2011-க்குப் பிறகு வரும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாள். ஆகவே நம் சங்கத்துக்கு நான்கு யோசனைகள் வைக்கிறேன்.

ஒன்று: கணக்கெடுப்பாளர் வந்தால் செக்யூரிட்டி திருப்பி அனுப்பாமல் செயலாளருக்குப் போன் செய்ய வேண்டும்.

இரண்டு: அடையாள அட்டையையும் அலுவலகக் கடிதத்தையும் செயலாளர் பார்த்து, சந்தேகம் இருந்தால் அந்த அலுவலகத்தின் அதிகாரப்பூர்வ எண்ணைத் தாமே தேடிப் பேசி உறுதி செய்ய வேண்டும்.

மூன்று: தனியாக இருக்கும் முதியவர் வீட்டுக்கு சங்க உறுப்பினர் ஒருவர் கூடவே போகலாம். வேண்டுமானால் கீழே சங்க அறையில் வைத்தே பதில் சொல்லலாம்.

நான்கு: ஓடிபி, ஏடிஎம் பின், கடவுச்சொல் ஆகியவற்றை எந்தக் கணக்கெடுப்பாளரும் கேட்க மாட்டார். கேட்டால் அவர் கணக்கெடுப்பாளர் இல்லை. உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகளில் பொருளாதாரம், புள்ளியியல் படிப்பவர்கள் இருந்தால் இந்தப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அமைச்சகத்தின் இணையதளத்தில் அறிவிப்பு வரும். வெயிலில் நடந்து, நாலு வீட்டில் "அப்புறம் வாங்க" என்று கேட்டுத் திரும்பினால், ஒரு எண்ணுக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள். நாளைக்கு அவர்களே ஒரு கதவைத் தட்டும்போது, உள்ளே இருப்பவர் நம்மைப் போல் ஒருவராக இருக்கட்டும்.