பெட்டி மேல இருக்கிற வாட்ஸ்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "ஹோம் தியேட்டர் போடணும், கையில காசு கம்மி. எத்தனை வாட்ஸ் ரிசீவர் வாங்கலாம்?"

நானும் வாட்ஸைத்தான் பார்த்தேன். ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடையில, அட்டைப்பெட்டி மேல பெருசா 130 வாட்ஸ். வாங்கிட்டேன். வீட்டுக்கு வந்து மேனுவலைப் புரட்டினா பொடி எழுத்து: 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10% டிஸ்டார்ஷன், ஒரு சேனல் மட்டும். அதாவது மத்த நாலு ஸ்பீக்கரையும் சும்மா விட்டுட்டு, ஒண்ணை மட்டும் ஒரே சுருதியில கரகரக்கிற வரைக்கும் கத்தவிட்டு எடுத்த கணக்கு. அடுத்த வரியில 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 2 சேனல்: 70 வாட்ஸ். ரெண்டு மாடலை ஒப்பிடணும்னா இந்த வரியைப் பாருங்க.

ஆனா பெரிய நஷ்டம் இல்ல. வாட்ஸ் இரட்டிப்பானாலும் கூடுறது 3 டெசிபல்தான். என் சின்ன ஹாலுக்கு 70-ஏ தாராளம். கீழ் வீட்டு மாமி சாட்சி.

நான் தப்பு பண்ணது வேற இடத்துல. காசையெல்லாம் ரிசீவர்ல கொட்டிட்டு, சென்டர் ஸ்பீக்கரை மட்டமா வாங்கினேன். படத்துல வசனம் பெரும்பாலும் அதுலதான் வரும். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்; அவருக்காகத்தான் இதெல்லாம். முதல் நாள் பாதிப் படத்துல எழுந்துட்டார். "சத்தம் நல்லாத்தான்டா இருக்கு, என்ன பேசுறாங்கன்னுதான் புரியல."

செட்டிங்ஸ்ல சென்டர் லெவலை 3 டெசிபல் ஏத்தியிருக்கேன். கொஞ்சம் பரவாயில்லைங்கிறார். நல்ல சென்டருக்கு இப்போ மாசாமாசம் காசு சேர்க்கிறேன்.