மணலும் திரையும்

(வெள்ளானூரில் பேசியதன் எழுத்து வடிவம்)



"வெள்ளானூரில் எதைப்பற்றிப் பேசப்போகிறாய்?" என்று வரும் வழியில் நண்பர் ஒருவர் கேட்டார். "ஒண்ணாம் வகுப்பைப் பற்றி" என்றேன். சிரித்தார். கல்லூரியைப் பாதியிலே விட்டவன் கல்வியைப் பற்றிப் பேசுவதா என்பது அந்தச் சிரிப்பின் பொருள். பாதியிலே இறங்கியவனுக்குத்தானே தெரியும், வண்டி எந்த இடத்திலே குலுங்கிற்று என்பது!

இன்று எங்கு நோக்கினும் ஒரு பேச்சு. தொடக்கப் பள்ளியிலே திரை வந்துவிட்டது, கணினி வந்துவிட்டது, இனிக் குழந்தைகள் தாமாகவே படித்துவிடுவர் என்று. அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்று கணக்கும் தருகிறார்கள். மகிழ்கிறேன். பணக்காரர் வீட்டுப் பிள்ளை பார்த்த படத்தைப் பாட்டாளி வீட்டுப் பிள்ளையும் பார்க்கட்டும். ஆனால் பார்த்தால் போதுமா? அதுதான் என் கேள்வி.

ஒரு பழைய கதை சொல்லுகிறேன், கேளுங்கள். கற்பனையன்று, வரலாறு.

ஆண்டு 1789. இடம் எழும்பூர். கம்பெனிக் கொடி கோட்டையிலே பறந்த காலம். பட்டாளத்தாரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கென அங்கே ஒரு விடுதிப் பள்ளி. அதன் பொறுப்பினை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் எனும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். பாடம் நடக்கிறது, பிள்ளைகளுக்கு ஏறவில்லை. ஒருநாள் குதிரையேறிப் போகிறார். வழியிலே நம் நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றினைக் காண்கிறார். தரையிலே மணல். மணலிலே பிஞ்சு விரல். விரல் நகர்கிறது, எழுத்துப் பிறக்கிறது! கை தடவுகிறது, எழுத்து மறைகிறது! பிழை செய்தவனுக்குப் பிரம்படி இல்லை. தடவிவிட்டு மீண்டும் எழுதுகிறான்.

பெல் திரும்பினார். தம் பள்ளியிலும் மணலைப் பரப்பச் சொன்னார். உதவி ஆசிரியரோ, ஆகாது என்று கைவிரித்தார். "ஆகாதா? சரி" என்று, ஏறத்தாழ எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து, கடைசி வகுப்பினை அவன் கையிலே ஒப்படைத்தார். ஆசிரியரால் ஆகாதென்றது சிறுவனால் ஆயிற்று! பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக் கொடுக்கும் அந்த முறையைப்பற்றி 1797-ல் இங்கிலாந்திலே நூல் வெளியிட்டார் பெல். 'மதராஸ் முறை' என்று பெயர் பெற்று அது ஊர் ஊராகப் பரவிற்று. ஸ்காட்லாந்திலே செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்துப் பள்ளியொன்று இன்றளவும் 'மதராஸ் கல்லூரி' என்றே அழைக்கப்படுகிறது. ஆம், நம் தெரு மணல் கப்பலேறிற்று!

மார்தட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. தட்டவிருந்த கையைச் சற்றே நிறுத்துங்கள். அந்த மணலிலே யார் விரல் பட்டது? உழுதவன் மகன் விரல் பட்டதா? சேரிப் பிள்ளையின் விரல் பட்டதா? பெண்பிள்ளையின் விரல்? மணலுக்குச் சாதி தெரியாது. மணலைப் பரப்பியவருக்குத் தெரிந்திருந்தது! கருவி எளிது, அதனருகே போகும் உரிமைதான் அரிதாயிருந்தது.

கருவி எத்தனை உயர்ந்ததாயினும், யார் கையிலே அது இருக்கிறது என்றே நான் கேட்பேன். ஏன் தெரியுமா? நான் படித்த தொடக்கப் பள்ளியிலே ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது. மர அலமாரியிலே இருந்தது. அலமாரி பூட்டியிருந்தது. சாவி தலைமையாசிரியர் இடுப்பிலே இருந்தது. ஐந்தாண்டுகளில் ஒரே ஒரு நாள் அது பாடிற்று, மேலதிகாரி பார்வையிட வந்த நாள். பழுதாகிவிட்டால் பதில் சொல்லவேண்டுமே என்ற அச்சம் அவருக்கு! பாவம், அவரைக் குற்றம் சொல்லேன். கருவியைக் கொடுத்தவர்கள் அச்சத்தையும் சேர்த்தே கொடுத்திருந்தார்கள்.

இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது, அதே தமிழ்நாட்டிலே. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றிலே செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. 2007-ல் மாநிலமெங்கும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. என்ன செய்தார்கள்? பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாக்கினார்கள். குழந்தை தானே அட்டையை எடுக்கும், தன் வேகத்திலே படிக்கும், அடுத்த படிக்கு ஏறும். இன்னொன்றும் செய்தார்கள், என் மனத்தைக் கவர்ந்தது அதுதான். சுவரைச் சுற்றிலும், தரையை ஒட்டி, குழந்தையின் உயரத்திலே கரும்பலகை அமைத்தார்கள்! ஒவ்வொரு பிள்ளைக்கும் அதிலே ஓரிடம். கரும்பலகை ஆசிரியரின் ஆசனமாக இருந்தது போய்ப் பிள்ளையின் சொத்தாயிற்று. மின்சாரம் வேண்டாத தொழில்நுட்பம் அது. அட்டை கிழிந்தால் மாற்றித்தர ஆளில்லாமலும், ஒரே ஆசிரியர் பல வகுப்பைச் சுமந்தும், பல இடங்களில் அது சோர்ந்துபோனது உண்மை. ஆனாலும் எண்ணம் பழுதல்ல.

பிறகு வந்தது தொற்றுநோய். 2020 மார்ச்சிலே பூட்டிய பள்ளிக் கதவு, ஒன்று முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் முதல் நாளில்தான் திறந்தது. 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்திற்று, கைப்பேசியும் நடத்திற்று. யாருக்கு? அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் தந்தையின் சட்டைப் பையிலே அல்லவா வீட்டின் ஒரே கைப்பேசி இருந்தது! அவர் இரவு திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும். 2021-ல் நாடு முழுதும் ஊரகக் குழந்தைகளிடையே எடுத்த 'அசர்' கணக்கினைப் பாருங்கள்: வீட்டிலே கைப்பேசி இருந்த பிள்ளைகளிலும் நூற்றுக்கு இருபத்தாறு பேருக்கு அது கைக்கு எட்டவில்லை. பக்கத்து ஆவடியிலே 1955-ல் காங்கிரஸ் கட்சி கூடி, சமதர்மப் பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் தாளிலே இருந்தது; கைப்பேசி தந்தையின் பையிலே இருந்தது.

"அப்படியானால் ஆளுக்கொரு கணினி கொடுத்துவிட்டால்?" என்பீர்கள். கொடுத்துப் பார்த்தார்கள், தென்னமெரிக்கப் பெரு நாட்டிலே. 319 ஊரகத் தொடக்கப் பள்ளிகளிலே ஆராய்ந்து 2012-ல் முடிவு வெளியிட்டார்கள். கணக்கிலும் மொழிப் பாடத்திலும் முன்னேற்றம் தென்படவில்லை. கணினி வந்தது, அதைக்கொண்டு எப்படிக் கற்பிப்பது என்பது உடன் வரவில்லை.

நான் நாடகக்காரன். கொட்டகையிலே இருவகையினர்: ஆடுவோர், பார்ப்போர். பார்த்தவர் வீட்டுக்குப் போனதும் வசனத்தை மறந்துவிடுவார். ஆடியவன் சாகும்வரை மறவான். திரையைப் பார்த்து வியக்கும் வகுப்பிலே குழந்தை பார்ப்பவன். எழுந்து வந்து, திரையிலே 'அ'வைத் தன் விரலால் இழுத்து, பிழையாக இழுத்து, நண்பன் திருத்த மீண்டும் இழுக்கும் வகுப்பிலேதான் அவன் ஆடுபவன். எழும்பூர் மணலிலே நடந்தது அதுதான்.

நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியிலேதான் 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கிற்று. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலையறிந்து பாடம். நல்ல திட்டம். ஆயினும் ஆசிரியர்கள் ஒரு குறை சொல்கிறார்கள்: பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேண்டிய நேரத்திலே கைப்பேசிச் செயலியைப் பார்த்துக் கணக்கு ஏற்றவேண்டியிருக்கிறது என்று. இதைக் கேட்டு ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பிரிந்து நிற்காதீர்கள். உங்கள் தெருப் பிள்ளைக்குக் கட்சி இல்லை.

கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு உண்டு. அதிலே நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். தாய்மார்களே, அது உங்கள் குழு! அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். கைகட்டி உட்காராதீர்கள். திரை உள்ள அறையின் சாவி யாரிடம்? இணைய இணைப்பு இயங்குகிறதா? பழுதானால் எத்தனை நாளிலே சரிசெய்கிறார்கள்? இந்த வாரம் எத்தனை பிள்ளைகள் எழுந்துபோய் அதிலே எழுதினார்கள்? இவற்றைக் கேளுங்கள். ஆசிரியரை மிரட்டக் கேட்காதீர்கள். பழுதுக்கு அவர் பொறுப்பல்ல என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கக் கேளுங்கள்.

திரை உயரத்திலே மாட்டப்பட்டு ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டாதிருந்தால், அதற்காக மனு எழுதி ஆறு மாதம் காத்திராதீர்கள். ஏறி நிற்க ஒரு பலகை போதும், ஒரு முழ உயரத்திலே. வெள்ளானூரிலே தச்சர் இல்லாமலா போய்விட்டார்?