கிளம்பறதுக்கு முன்னாடி போனைத் தயார் பண்ணுங்க

போன எபிசோடில் லாங் டிரைவ் போறப்போ டயரை எப்படிப் பார்க்கணும்னு பேசினோம். அதைக் கேட்டுட்டு நிறைய பேர், "சரி, போன்ல என்னென்ன ஆப் வச்சிருக்கணும், அதையும் சொல்லுங்க"ன்னு எழுதியிருந்தீங்க. சொல்றேன். அதுக்கு முன்னாடி என் கதை ஒண்ணு.

போன வருஷம் குடும்பத்தோட கொல்லிமலை போனோம். நாமக்கல் பக்கம் இருந்து ஏறினா 70 கொண்டை ஊசி வளைவு. நானும் தம்பியும் ஆகாய கங்கை அருவிக்குப் படியிறங்கிட்டோம். அம்மாவால அத்தனை படி முடியாது, அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்துலயே உட்கார்ந்துட்டாங்க. நாங்க திரும்பி வர நேரமாயிடுச்சு. அம்மா சர்க்கரை மாத்திரை போட்டிருந்தாங்க, சாப்பாடு தள்ளிப் போச்சு. வந்து பார்த்தா உடம்பெல்லாம் வியர்வை, கை நடுங்குது, கேட்டதுக்குப் பதில் சரியா வரலை.

பக்கத்துல ஆஸ்பத்திரி எங்க இருக்குன்னு பார்க்கப் போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. மேப்பைத் திறந்தா வெறும் சாம்பல் நிறத் திரை. நடுவுல ஒரு நீலப் புள்ளி. அந்தப் புள்ளி நான்தான். சுத்தி ரோடும் இல்லை, ஊரும் இல்லை.

எங்களைக் காப்பாத்தினது எந்த ஆப்பும் இல்லைங்க. எதிர்ல டீக்கடை வச்சிருந்த அக்கா. ஒரு பார்வை பார்த்துட்டு, "அம்மாவுக்கு சுகர் இருக்குதா தம்பி?"ன்னு கேட்டாங்க. உடனே சர்க்கரைத் தண்ணி கரைச்சுக் கொண்டுவந்து குடிக்க வச்சாங்க. கொஞ்ச நேரத்துல அம்மா தெளிஞ்சாங்க. "எதுக்கும் செம்மேட்டு கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில காட்டிட்டு இறங்குங்க"ன்னு வழியும் அவங்கதான் சொன்னாங்க.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை. போன்ல எந்தக் கோளாறும் இல்லை. வீட்ல வைஃபை இருக்கறப்போ அஞ்சு நிமிஷம் செய்ய வேண்டிய வேலையை நான் செய்யலை, அவ்வளவுதான். அதனால இன்னைக்கு நான் சொல்லப்போற எல்லாத்துக்கும் ஒரே விதி: கிளம்பறதுக்கு முந்தின நாளே செஞ்சிடணும்.

முதல்ல மேப். அந்த நீலப் புள்ளி மட்டும் எப்படி வந்துச்சுன்னு யோசிச்சீங்களா? ஜிபிஎஸ் சிக்னல் நேரா செயற்கைக்கோள்ல இருந்து வருது. அதுக்கு சிம்மும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். நாம எங்க இருக்கோம்னு போனுக்குத் தெரியும். ஆனா சுத்தி இருக்கற ரோட்டோட படம் இன்டர்நெட்ல இருந்துதான் வரணும். அந்தப் படத்தை முன்னாடியே இறக்கி வச்சுட்டா பிரச்சினை தீர்ந்துச்சு. கூகுள் மேப்ஸ்ல மேல மூலையில உங்க படத்தைத் தொடுங்க, "ஆஃப்லைன் மேப்ஸ்"னு வரும். போற ஏரியாவைக் கட்டம் போட்டு டவுன்லோடு பண்ணிடுங்க. கார்ல போக வழி காட்டும், கடை, ஆஸ்பத்திரியும் தேடலாம். டிராஃபிக் நெரிசல் மட்டும் தெரியாது. மலைக்கும் காட்டுக்கும் அடிக்கடி போறவங்க "ஆர்கானிக் மேப்ஸ்" ஆப்பையும் வச்சுக்கலாம். இலவசம், விளம்பரம் கிடையாது, ஆஃப்லைனுக்காகவே செஞ்சது.

அதே மேப்ல "டோல் தவிர்"னு ஒரு செட்டிங் இருக்கு. நான் ஒரு தடவை அதைப் போட்டுட்டு எடுக்க மறந்துட்டேன். அடுத்த பயணம் முழுக்க வரப்பு ஓரமும் வாய்க்கால் ஓரமுமா போனேன். கிளம்பறப்போ ஒரு தடவை பார்த்துக்குங்க.

ரெண்டாவது, ஆவணங்கள். டிஜிலாக்கர், எம்பரிவாகன் ரெண்டுலயும் லைசென்ஸ், ஆர்சி இருந்தா அதை ஒரிஜினலுக்குச் சமமா ஏத்துக்கணும்னு 2018-லேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்குச் சொல்லிடுச்சு. ஆனா கேலரியில இருக்கற போட்டோ அந்தக் கணக்குல வராது. நிறைய பேர் இங்கதான் மாட்டிக்கறாங்க. செக்போஸ்ட்ல நெட் இல்லைன்னா ஆப் திறக்காமப் போகலாம், அதனால மலைக்குப் போறப்போ கார்டையும் கையில வச்சுக்குங்க. ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே 7-லிருந்து இ-பாஸ் வேணும். அதையும் வீட்லயே எடுத்துட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. ஃபாஸ்டேக் பேலன்ஸையும் பார்த்துடுங்க.

மூணாவது, அவசரம். இதுக்கு ஆப்பை விட நம்பர் முக்கியம். 112 நாடு முழுக்க ஒரே அவசர எண். உங்க சிம்முக்கு டவர் இல்லைன்னாலும் வேற கம்பெனி டவர் இருந்தா அது வழியா 112 போகும். ஆம்புலன்ஸுக்கு 108. தேசிய நெடுஞ்சாலையில வண்டி நின்னுட்டா 1033. தமிழ்நாடு போலீஸோட "காவல் உதவி" ஆப் 2022-ல வந்தது. அதுல சிவப்பு பட்டனை அமுக்கினா நீங்க இருக்கற இடம் கன்ட்ரோல் ரூமுக்குப் போயிடும். ஆனா முன்னாடியே பதிவு பண்ணி வச்சிருக்கணும். ஆபத்து நேரத்துல ஓடிபி வரும்னு காத்துட்டு இருக்க முடியாது.

தனியா போறவங்க வாட்ஸ்அப்ல லைவ் லொகேஷனை வீட்டுக்கு அனுப்பிடுங்க. 8 மணி நேரம் வரைக்கும் வைக்கலாம். நடுவுல சிக்னல் போனாலும் கடைசியா எங்க இருந்தீங்கன்னு அவங்களுக்குத் தெரியும்.

ரயில்ல போறவங்களுக்கு "வேர் இஸ் மை டிரெயின்". நெட் இல்லாமலே செல்போன் டவரை வச்சு ரயில் எங்க போகுதுன்னு சொல்லிடும். இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்கு முன்னாடி அலாரமும் வைக்கலாம். விடியக்காலை நாலு மணிக்கு இறங்கறவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

கடைசியா ஒண்ணு. 2020-ல மோட்டார் வாகன விதியைத் திருத்தினப்போ, ஓட்டறவர் போனை வழி பார்க்க மட்டும்தான் பயன்படுத்தலாம், அதுவும் கவனம் சிதறாமன்னு சொல்லிட்டாங்க. அதனால ஸ்டாண்டுல மாட்டி, குரலை மட்டும் கேளுங்க. அந்தக் குரலையும் கண்ணை மூடிக்கிட்டு நம்ப வேண்டாம். 2024 நவம்பர்ல உத்தரப் பிரதேசம் பரேலி பக்கத்துல, பாதி இடிஞ்சு நின்ன பாலத்துல கார் ஏறி ஆத்துல விழுந்து மூணு பேர் இறந்துட்டாங்க. ஜிபிஎஸ் காட்டின வழியில போனாங்கன்னு செய்தி வந்தது. பாலம் உடைஞ்சது மேப்புக்குத் தெரியலை. ரோடு சந்தேகமா இருந்தா வண்டியை ஓரம் கட்டுங்க, டீக்கடையில கேளுங்க. கேட்டா கௌரவம் குறைஞ்சிடாது.

இப்போ நாங்க எங்க கிளம்பினாலும் முந்தின நாள் ராத்திரி நான் மேப் இறக்கறேன், பவர் பேங்க் சார்ஜ் போடறேன். அம்மா அவங்க பங்குக்கு ஒரு பொட்டலம் சர்க்கரையும் பிஸ்கட்டும் கைப்பையில போட்டுக்கறாங்க. "உன் ஆப் இருக்கட்டும்டா, இது என் ஆப்"னு சொல்றாங்க. அதுக்குச் சிக்னலே வேண்டாம்.

பத்திரமா போயிட்டு வாங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.