நான்காவது சிங்கம்



இந்திய நாணயக் குற்றி ஒன்றை ஒரு சிறுவனின் கையில் கொடுத்து, "தம்பி, இதில் எத்தனை சிங்கங்கள் இருக்கின்றன?" என்று கேட்டுப் பாருங்கள். அவன் எண்ணிப் பார்த்துவிட்டு "மூன்று" என்பான். அவன் கண்டது மூன்றுதான். ஆனால் அந்த உருவத்துக்கு மூலமான கற்சிற்பத்தில் இருப்பவை நான்கு சிங்கங்கள். முதுகோடு முதுகு பொருந்த, நான்கு திசைகளையும் நோக்கி அவை அமர்ந்திருக்கின்றன. முன்னிருந்து பார்ப்பவர்களுக்கு நான்காவது சிங்கம் தெரிவதில்லை. அந்தச் சிங்கத்தைப் போலவே நம் பார்வைக்கு மறைந்து நிற்கும் வேறு சில செய்திகளும் அந்த இலச்சினையில் உண்டு. அவற்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இலக்கியத் தொடரில் அரச இலச்சினைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இலச்சினையும் வாசிக்கப்பட வேண்டிய ஒன்றே. நமது பழந்தமிழ் மூவேந்தருக்கு வில், கயல், புலி என்ற பொறிகள் இருந்தன. சேரன் இமயத்தில் வில் பொறித்ததைச் சிலப்பதிகாரம் பெருமையோடு கூறுகின்றது. அந்தப் பொறிகள் சொன்ன பொருள் ஒன்றுதான்: 'இது எனது ஆட்சிக்குட்பட்டது, நான் வென்றேன்.' உலகத்து இலச்சினைகளுள் பெரும்பாலானவை இன்றும் இதையே சொல்கின்றன. கழுகும் வாளும் மகுடமும் வெற்றியின் மொழியில் பேசுகின்றன. இந்தியாவின் இலச்சினையும் வெற்றியைப் பற்றியே பேசுகின்றது. ஆனால் அது எத்தகைய வெற்றி என்பதுதான் கேள்வி.

காசிக்கு அருகிலுள்ள சாரநாத், புத்தர் பெருமான் தம் முதற் போதனையை ஐந்து சீடர்களுக்கு வழங்கிய இடம். ஏறத்தாழ கி.மு. 250ஆம் ஆண்டளவில் மௌரியப் பேரரசன் அசோகன் அங்கே ஒரு கற்றூணை நாட்டினான். பல நூற்றாண்டுகள் மண்ணுள் கிடந்த அதன் தலைப்பகுதி, 1904-05இல் ஓர்ட்டல் என்ற பொறியியலாளரின் தலைமையில் நடந்த அகழ்வின்போது வெளிப்பட்டது. ஏழடி உயரமுள்ள அந்தச் சிற்பத்தைச் சாரநாத் நூதனசாலையில் இன்றும் காணலாம். ஒரே மணற்கல்லில் செதுக்கப்பட்டு, கண்ணாடி போல் மெருகூட்டப்பட்டது அது. உடைந்த தூணின் அடிப்பகுதி, நாட்டிய இடத்திலேயே நிற்கின்றது.

சிற்பத்தின் அடியில் மணி வடிவில் கவிழ்ந்த தாமரை. அதன் மேல் வட்டமான பீடம். பீடத்தைச் சுற்றி யானை, எருது, குதிரை, சிங்கம் ஆகிய நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. அவற்றுக்கிடையே நான்கு சக்கரங்கள். ஒவ்வொன்றிலும் 24 ஆரங்கள். பீடத்தின் மேல் நான்கு பெருஞ் சிங்கங்கள். அச்சிங்கங்களின் தலைக்கு மேலே இன்னுமொரு பெரிய சக்கரம் இருந்தது. அதன் உடைந்த துண்டுகள்தாம் அகழ்வில் கிடைத்தன.

நேயர்களே, இங்கே சற்று நிற்க வேண்டும். மூலச் சிற்பத்தில் சிங்கங்கள் உச்சியில் இருக்கவில்லை. அவை சக்கரத்தைச் சுமந்து நின்றன. வலிமை கீழே, அறம் மேலே. தர்மச் சக்கரம் என்பதற்குத் தமிழில் 'அறவாழி' என்ற அழகான சொல் உண்டு. குறளில் அச்சொல் வருகின்றது. புத்தர் அறத்தின் ஆழியை உருட்டியதை மணிமேகலையும் பேசுகின்றது. காலம் அந்த மேற்சக்கரத்தை உடைத்துவிட்டது. எஞ்சியதைப் பார்ப்பவர்கள் சிங்கங்களே தலைமை என்று எண்ணிவிடுகிறோம்.

1950 சனவரி 26ஆம் நாள், இந்தியா குடியரசான அன்றே, இந்தச் சிற்பம் அதன் இலச்சினையாயிற்று. கவிழ்ந்த தாமரை விடப்பட்டது. பீடத்தின் நடுவே ஒரு சக்கரம், வலப்புறம் எருது, இடப்புறம் குதிரை, இரு ஓரங்களிலும் மற்றச் சக்கரங்களின் விளிம்புகள் என்று உருவம் அமைந்தது. யானையும் நடக்கும் சிங்கமும் பின்புறத்துக்குப் போய்விட்டன. சாந்திநிகேதனத்தில் நந்தலால் போஸின் தலைமையில் அரசியலமைப்பு நூலின் பக்கங்களை ஓவியங்களால் அலங்கரித்தபோது, சிங்கங்களை வரையும் பணி அவருடைய மாணவர் தீனநாத் பார்கவாவிடம் சேர்ந்தது. உயிருள்ள சிங்கத்தின் சாயலைப் பிடிப்பதற்காக அவர் கல்கத்தா மிருகக்காட்சிச்சாலைக்குப் பலமுறை சென்று வந்தார் என்பர்.

இனி, இலச்சினையில் இடம்பெறாத முக்கியமான ஒன்றுக்கு வருவோம். சாரநாத் தூணின் உடலில் அசோகனின் சாசனம் ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. சிங்கங்களின் கம்பீரத்தைப் பார்த்துவிட்டு அதை வாசிப்பவர்கள் வியப்படைவார்கள். அதில் வெற்றிச் செய்தி எதுவுமில்லை. சங்கத்தை யாரும் பிளவுபடுத்தலாகாது என்பதே அதன் சாரம். பிளவை உண்டாக்கும் துறவி ஆணாயினும் பெண்ணாயினும், காவி களைந்து வெள்ளாடை அணிவிக்கப்பட்டு, மடத்துக்கு வெளியே வாழ வைக்கப்பட வேண்டும் என்று மன்னன் ஆணையிடுகிறான். இல்லறத்தாருக்கும் இதன் பிரதியொன்று கிடைக்க வேண்டும், உபோசத நாட்களில் அவர்கள் வந்து அதை அறிந்துகொள்ள வேண்டும் என்றும் சொல்கிறான்.

இது துறவிகளின் ஒற்றுமைக்காகப் பிறந்த கட்டளை. நாடுகளின் அரசியலுக்காகச் சொல்லப்பட்டதன்று. ஆயினும் 1947இல் இரண்டாகப் பிரிந்து, இலட்சக்கணக்கான உயிர்களைப் பலிகொடுத்த ஒரு தேசம், 'பிளவுபடாதீர்' என்ற சொற்களைத் தாங்கிய தூணிலிருந்து தன் சின்னத்தை எடுத்துக்கொண்டது என்பதை நினைக்கும்போது மனம் கனக்கின்றது. சிங்கங்கள் கடவுச்சீட்டுக்கும் நாணயத்துக்கும் வந்துவிட்டன. சாசனம் சாரநாத்திலேயே நின்றுவிட்டது.

அசோகன் யார்? தன் ஆட்சியின் எட்டாம் ஆண்டில் கலிங்கத்தை வென்றவன். அப்போரில் ஒரு இலட்சம் பேர் கொல்லப்பட்டனர், ஒன்றரை இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர், அதனினும் பன்மடங்கினர் மடிந்தனர் என்று கணக்குச் சொன்னவர்கள் அவனது பகைவர்கள் அல்லர். அவனே தன் 13ஆம் பாறைச் சாசனத்தில் இதைப் பொறித்து வைத்தான். மனம் வருந்துவதாகவும் எழுதினான். அறத்தால் பெறும் வெற்றியே தலையாய வெற்றி என்றான். அந்த அறவெற்றி எட்டிய நாடுகளை வரிசைப்படுத்தும்போது சோழரையும் பாண்டியரையும் தாம்பபர்ணி எனப்பட்ட நமது இலங்கையையும் அவன் குறிப்பிடுகிறான். மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்ததைக் கூறும் இரண்டாம் பாறைச் சாசனத்திலும் இப்பெயர்கள் உண்டு.

ஆனால் அசோகனைத் தெய்வமாக்கிவிடவும் வேண்டாம். வருந்திய மன்னன் கலிங்கத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதே சாசனத்தில் காட்டுவாழ் மக்களை எச்சரிக்கும்போது, தனக்குத் தண்டிக்கும் ஆற்றலும் உண்டு என்று நினைவூட்டுகிறான். இன்னொன்று: கலிங்க மண்ணிலேயே, தௌலியிலும் ஜௌகடாவிலும் உள்ள பாறைகளில், அந்த 13ஆம் சாசனம் இல்லை. அதற்குப் பதிலாக, எல்லா மக்களும் தன் பிள்ளைகள் என்று கூறும் வேறு சாசனங்களே அங்குள்ளன. தோற்றவர்கள் வாழும் இடத்தில் வென்றவன் தன் குற்றத்தை உரத்துச் சொல்லவில்லை. அது கருணையா, அரசியற் சாதுரியமா? வாசிப்பவர்களே முடிவு செய்ய வேண்டும்.

இந்தச் சாசனங்கள் மீண்டும் வாசிக்கப்பட்ட கதையில் நமது நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. 1837இல் கல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்துக்களைப் படித்தறிந்தார். 'தேவானாம்பிய பியதசி' என்று ஒரு மன்னன் பேசுவது தெரிந்தது. ஆனால் யார் அவன்? இலங்கையை ஆண்ட தேவநம்பியதீசனாக இருக்கலாமோ என்று பிரின்செப் முதலில் எண்ணினார். இலங்கைச் சிவில் சேவையைச் சேர்ந்தவரும் மகாவம்சத்தை மொழிபெயர்த்தவருமான ஜோர்ஜ் டர்னர்தான், இங்கு பேணப்பட்ட பாளி வரலாற்று நூல்களின் துணைகொண்டு, பியதசி என்பவன் சந்திரகுப்தனின் பேரனான அசோகனே என்று காட்டினார். 1915இல் மாஸ்கியில் கிடைத்த சாசனத்தில் அசோகன் என்ற பெயரே இருந்தது. டர்னரின் முடிபு உறுதியாயிற்று. தன் நாட்டில் மறக்கப்பட்டிருந்த மன்னனை, கடல் கடந்த ஒரு தீவின் ஏடுகள் நினைவில் வைத்திருந்தன.

இலச்சினையின் கீழே 'சத்யமேவ ஜயதே' என்ற வாசகம் உண்டு. இது அசோகனுடையதன்று, முண்டக உபநிடதத்திலிருந்து எடுக்கப்பட்டது. பௌத்தச் சிற்பத்தின் கீழ் வைதிக மரபின் சொல் அமர்ந்திருக்கின்றது. தமிழ்நாட்டரசின் இலச்சினையில் கோபுரத்தோடு அதே சிங்கத் தலைப்பும் 'வாய்மையே வெல்லும்' என்ற தமிழ் வாசகமும் உள்ளன. வாய்மை என்றால் என்ன? எவருக்கும் தீங்கு பயக்காத சொல்லே வாய்மை என்று வள்ளுவர் இலக்கணம் வகுத்தார். அப்படியானால் வாய்மை வெல்வதென்பது, யாரையும் தோற்கடிக்காத வெற்றியாகத்தானே இருக்க முடியும்?

2022 யூலையில் புதுடில்லியில், புதிய பாராளுமன்றக் கட்டடத்தின் மேல் இந்த இலச்சினையின் பெருஞ் சிலையொன்று திறந்து வைக்கப்பட்டது. 6.5 மீற்றர் உயரம். 9,500 கிலோகிராம் நிறை. உடனே ஒரு விவாதம் எழுந்தது. சாரநாத் சிங்கங்கள் அமைதியானவை, இவையோ சீறுகின்றன என்று சிலர் குறை கூறினர். கீழிருந்து பார்ப்பதால் அப்படித் தெரிகிறது, உருவம் மாறவில்லை என்று மற்றவர்கள் பதிலளித்தனர். உண்மையில் சாரநாத் சிங்கங்களும் வாய் திறந்தவையே. பௌத்த மரபில் சிங்கநாதம் என்பது புத்தரின் போதனையைக் குறிக்கும். அந்த வாய் திறந்திருப்பது இரைக்காக அன்று, சொல்லுக்காக. சிங்கம் உறுமுகிறதா, உபதேசிக்கிறதா என்பதைச் சிற்பியின் உளி மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்தச் சின்னத்தின் பேரால் நடக்கும் ஆட்சியும் தீர்மானிக்கின்றது.

நேயர்களே, எந்த நாட்டின் இலச்சினைக்கும் பின்புறம் ஒன்று உண்டு. அதில் இடம்பெற்றவர் யார், விடுபட்டவர் யார் என்று கேட்பது அதை அவமதிப்பதாகாது. அந்த நாணயத்தை எண்ணிப் பார்த்த சிறுவனிடம் நாம் சொல்ல வேண்டியது இதுதான்: "தம்பி, நீ கண்டது மூன்று. மற்றப் பக்கம் போய் நின்று பார்த்தால்தான் நான்காவது தெரியும்."