மரத்துக்குக் கிடைத்த ஓய்வு கைக்குக் கிடைத்ததா?

(ஈப்போவில் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர்களின் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



இந்த மண்டபத்துக்கு வர நீங்கள் பதினைந்து படி ஏறவேண்டியிருந்தது. எத்தனை பேர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினீர்கள், எத்தனை பேர் பாதியில் நின்று யாருக்கும் தெரியாமல் முட்டியைத் தடவிக்கொண்டீர்கள் என்பதை வாசலில் நின்ற நாம் பார்த்தோம். ஆகவே, இன்று சம்பளத்தைப் பற்றிப் பேசப்போவதில்லை. உங்கள் முட்டி, தோள், மணிக்கட்டு ஆகியவற்றைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

பேசுவதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். நாம் தோட்டத்துக் கிராணி. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில் குறி போடுவது நமது உத்தியோகம். "முட்டி மடங்கவில்லை ஐயா" என்று சொல்லி அனுப்பியவருக்கும், முதல்நாள் குடித்துவிட்டுப் படுத்துக் கிடந்தவருக்கும் அந்தப் புத்தகத்தில் ஒரே குறிதான். வலிக்கென்று ஒரு கட்டம் அதில் இல்லை. இருக்கவேண்டும் என்று நாமும் பல காலம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இன்று சிலருக்கு நஷ்டஈடாவது கிடைத்திருக்கும். அந்தக் கடனைத் தீர்க்கவே இந்தப் பேச்சு.

தோழர்களே! பேராக் மாநிலத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1877-இல் கோலாகங்சாரில் நட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் அங்கே மரமாக நிற்கிறது. அந்த மரத்தின் வம்சத்தை வைத்துத்தான் நம் பாட்டன் பூட்டன் காலமும் நம் காலமும் கழிந்தன. மரத்தை எப்படிக் காப்பது என்று துரைமார்கள் எவ்வளவு அக்கறையோடு ஆராய்ந்தார்கள்! 1925-இல் அதற்கென்றே ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ஏற்பட்டது. பட்டைக்குள் ஆழமாக உளி பாயக்கூடாது. பாய்ந்தால் மரம் காயப்படும். இன்று வெட்டிய மரத்தை நாளை வெட்டக்கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள்தான். வெட்டிய பட்டை மறுபடி வளர்ந்து தடிக்கப் பல ஆண்டு பொறுக்கவேண்டும். இவையெல்லாம் நல்ல விதிகள்தாம்.

ஆனால், இன்று இந்த நிரையை வெட்டிய கை, நாளை அடுத்த நிரையை வெட்டப் போயிற்று. மரம் ஓய்ந்தது, கை ஓயவில்லை. நாளொன்றுக்கு 500 மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மரத்துக்குப் பத்து இழுப்பு என்று குறைத்தே கணக்கிட்டாலும் ஒரு காலைப்பொழுதில் 5,000 இழுப்பு. அடிப்பட்டைக்குக் குனியவேண்டும், மேற்பட்டைக்கு அண்ணாந்து கை தூக்கவேண்டும். பிறகு பால் நிறைந்த இரண்டு வாளிகளையும் காண்டாவில் மாட்டி, சேற்றிலும் மேட்டிலும் ஸ்டோர் வரையில் நடக்கவேண்டும். முப்பது ஆண்டு இப்படி உழைத்த உடம்பு வலிக்கிறது என்றால் அது சோம்பலா? "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி மூடிவிடக்கூடிய விஷயமா?

இத்தாலி தேசத்தில் இராமத்சினி என்றொரு வைத்தியர் இருந்தார். தொழிலால் வரும் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டிலேயே ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் வைத்தியர் கேட்கவேண்டிய கேள்விகளில், "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்பதையும் சேர்க்கவேண்டும் என்பது அவர் போதனை. நாள் முழுதும் உட்கார்ந்து எழுதும் கணக்கர்களின் கைவலியையும் அவர் விட்டுவிடவில்லை. கிராணி கைக்கே அன்றைக்கு ஒரு வைத்தியர் பரிந்து பேசினார் என்றால், பால்வெட்டிய கைக்கு இன்றைக்கு நாம் பேசவேண்டாமா? ஆகவே, டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "நான் இத்தனை ஆண்டு பால்வெட்டினேன், இந்தக் கையால் வெட்டினேன், இந்தத் தோளில் சுமந்தேன்." அதை அவர் அட்டையில் எழுதட்டும்.

இனி, வலி எங்கேயிருந்து வருகிறது என்று பார்ப்போம். "நரம்பு இழுத்துக்கொண்டது" என்பது நம் வழக்கம். பெரும்பாலும் அது நரம்பு அன்று. தசையை எலும்போடு கட்டிவைத்திருக்கும் கயிறு ஒன்று உண்டு, தசைநாண் என்பார்கள். அதற்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆகையால் பழுதானால் ஆறுவதற்கு மாதக்கணக்காகும். மூட்டுவலி வேறு. எலும்பு முனையை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு தேய்ந்து, சுற்றியுள்ள தசையும் தளர்ந்துபோவதால் வருவது அது.

வலி வந்ததும் நம்மவர்கள் செய்வது இரண்டிலொன்று. பல்லைக் கடித்துக்கொண்டு பழைய வேலையையே செய்வார்கள். அல்லது நாற்காலியில் உட்கார்ந்து அசையாமலே இருந்துவிடுவார்கள். இரண்டும் தவறு. அசையாத தசை மெலிகிறது. மெலிந்த தசை மூட்டைத் தாங்குவதில்லை. மூட்டு மேலும் வலிக்கிறது. ஓய்வு வேண்டும், ஆனால் அளவோடு வேண்டும். அளவான உழைப்பும் வேண்டும். குதிகால் நாண் வலிக்கு சுவீடன் நாட்டு டாக்டர் ஆல்ஃபிரெட்சன் 1998-இல் வெளியிட்ட ஆய்வொன்று புகழ்பெற்றது. பதினைந்து பேரைப் பன்னிரண்டு வாரம் குதிகாலை மெல்ல மெல்லக் கீழிறக்கும் பயிற்சியைச் செய்யவைத்தார். அத்தனை பேரும் மறுபடி ஓடினார்கள். எல்லோருக்கும் எல்லா வலிக்கும் இப்படியே பலிக்கும் என்று நாம் சொல்லவில்லை. நாண் சுமையைத் தாங்கப் பழகப் பழகத்தான் பலப்படும் என்பதே இதிலுள்ள பாடம்.

வீட்டிலே காசில்லாமல் செய்யக்கூடியவை சில:

ஒன்று: உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். முடியாதவர்கள் முதலில் கையை ஊன்றலாம். ஐந்து தடவையில் தொடங்கிப் பத்தாக்குங்கள்.

இரண்டு: சமையல்மேடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் தூக்கி, மூன்று எண்ணும் வரையில் மெல்ல இறக்குங்கள்.

மூன்று: மணிக்கட்டும் முழங்கையும் வலிப்பவர்கள், முன்கையை மேசைமேல் வைத்து, பாதி தண்ணீர் ஊற்றிய சிறு போத்தலைப் பிடித்து மெதுவாகத் தூக்கி இறக்குங்கள்.

நான்கு: தோள் வலிப்பவர்கள் சுவரில் விரலால் ஏணி ஏறுவதுபோல் முடிந்த உயரத்துக்குப் போய் வாருங்கள்.

அளவு எது என்று கேட்பீர்கள். செய்யும்போது பொறுக்கக்கூடிய வலி இருக்கலாம். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம், பாதியாகக் குறையுங்கள். நிறுத்திவிடாதீர்கள். ஒரு வாரத்தில் பலனை எதிர்பார்க்காதீர்கள். பட்டை வளரப் பொறுத்தவர்கள் அல்லவா நீங்கள்?

கைத்தடி பிடிக்க வெட்கப்படவேண்டாம். வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கத்துக் கையில் அதைப் பிடிக்கவேண்டும். இதைப் பலர் மாற்றிச் செய்கிறார்கள். குந்தும் கழிவறையில் எழ முடியாதவர்களுக்கு நாற்காலிக் கழிவறையும் சுவரில் ஒரு கைப்பிடியும் வைத்துக் கொடுப்பது பிள்ளைகள் கடமை. உடம்பு பருத்தவர்கள் கவனியுங்கள்: ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது.

இனி மருந்து. இங்கேதான் நமக்குப் பெரும் பயம்.

நாம் அறிந்த ஓர் அம்மையார், முப்பது ஆண்டுக்கு மேல் பால்வெட்டியவர். சந்தையில் ஒருவன் விற்ற எலும்பு மருந்தை வாங்கினார். மூன்றே நாளில் வலி பறந்தது. "தெய்வ மருந்து" என்று லயம் முழுதும் சொல்லி, அக்கம்பக்கத்தாருக்கும் வாங்கிக் கொடுத்தார். சில மாதத்தில் முகம் பூசணிக்காய்போல் உப்பியது, சர்க்கரை ஏறியது, தோல் மெலிந்து தொட்ட இடமெல்லாம் கன்றியது. பயந்துபோய் மருந்தைத் திடீரென்று நிறுத்தினார், மயங்கி விழுந்தார். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது என்பது ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. இப்படி டெக்சாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்த பாரம்பரிய மருந்துகளை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. டப்பாவில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத மருந்தைத் தொடாதீர்கள். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் தாமாக நிறுத்தவும் வேண்டாம். மருந்தையும் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

கடையில் வாங்கும் வலி மாத்திரைகளிலும் ஆபத்து உண்டு. டைக்ளோஃபினாக், மெஃபனமிக் அமிலம் போன்றவற்றை நாள்தோறும் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்கு இரட்டை ஆபத்து. அவர்கள் முதலில் மேலே பூசும் மருந்தையும் வெந்நீர் ஒத்தடத்தையும் பார்க்கட்டும். இன்னொன்று: இந்நாட்டில் நீரிழிவு அதிகம் பீடித்திருப்பது இந்தியரைத்தான். தோள் இறுகிப்போவதும், விரல் மடங்கி மாட்டிக்கொள்வதும் நீரிழிவுக்காரர்களுக்கு அதிகம் வருகின்றன. ஆகவே, தோள் வைத்தியம் தேநீர்க் குவளையில் சீனியைக் குறைப்பதிலும் இருக்கிறது.

மூட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "பட்"டென்று அறுந்தாற்போல் இருந்து கை கால் தூக்க முடியாமற் போனாலும் அப்படியே. இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்குமேல் விறைத்திருந்தால் அது தேய்மானம் அல்ல, முடக்குவாதமாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து உண்டு. தாமதித்தால் விரல் கோணிப்போகும். மற்ற வலிக்கு அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், உடலியக்கச் சிகிச்சைப் பிரிவுக்கு எழுதிக் கொடுக்கும்படி வாய்விட்டுக் கேளுங்கள்.

கடைசியாக, உரிமையைப் பற்றி ஒரு வார்த்தை. 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் தொழில் நோய்களுக்கு ஓர் அட்டவணை உண்டு. கையை ஓயாமல் அசைத்துச் செய்யும் வேலையால் மணிக்கட்டும் நாண் உறையும் வீங்குவது அதில் இருக்கிறது. சொக்சோவில் சந்தா கட்டியவர்கள் வேலையில் இருக்கும்போது மட்டுமல்ல, அந்த வேலையை விட்ட 60 மாதத்துக்குள் அந்த நோய் கண்டாலும் கோரலாம். அதற்குமுன் தோட்டத்தை விட்டு வந்த உங்களில் பலருக்கு இந்தக் கதவு மூடிவிட்டது. அதை மறைத்து உங்களுக்கு வீண் ஆசை காட்ட நமக்கு மனம் வரவில்லை. ஆனால், இன்றும் ரப்பரிலும் செம்பனையிலும் வேலை செய்யும் உங்கள் பிள்ளைகளுக்கு அது திறந்தே இருக்கிறது. வலி தொடங்கிய நாளையும், டாக்டர் சீட்டையும், செய்த வேலையையும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சங்கக் கிளைக்கு வரட்டும். எழுதிக் கொடுக்கக் கிராணி இருக்கிறோம்.

தாய்மார்களே, தோழர்களே! இப்போதெல்லாம் நம் செக்ரோலின் ஓரத்தில் பென்சிலால் எழுதுகிறோம்: "முட்டி", "தோள்", "மணிக்கட்டு" என்று. நிர்வாகம் அதைக் கேட்கவில்லை. என்றாவது ஒரு நாள் ஒரு டாக்டரோ அதிகாரியோ சாட்சி கேட்பார். அப்போது அந்தப் பென்சில் எழுத்து பேசும்.

இப்போது எல்லோரும் கூட்டம் முடிந்து எழுந்திருக்கப் போகிறீர்கள். கையை ஊன்றாமல், மெதுவாக எழுந்திருங்கள். அதுவே முதல் பயிற்சி.