எஃகு, உக்கு, இஸ்பாத்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்தில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலைகள் பல உண்டு. ஸ்கிராப் உலையில் உருகி, பில்லெட்டாக வார்க்கப்பட்டு, ரோலிங் மில்லில் முறுக்குக் கம்பியாகி வெளியே வருகிறது. உலைமேடையில் நிற்பவர்களில் உள்ளூர்க்காரர் உண்டு. ஆந்திர எல்லையைத் தாண்டி வருபவர் உண்டு. பீகார், ஒடிசாவிலிருந்து வந்து தங்கியவர்களும் உண்டு. செய்யும் பொருள் ஒன்றுதான். தமிழில் அது எஃகு அல்லது உருக்கு, தெலுங்கில் உக்கு, இந்தியிலும் ஒடியாவிலும் இஸ்பாத்.

பழந்தமிழில் எஃகு என்றால் பெரும்பாலும் ஆயுதம்தான். சங்க நூல்களில் அது வேலையும் வாளையும் குறிக்கிறது. திருக்குறளின் 759ஆம் குறளும் பகைவரின் செருக்கை அறுக்கும் படைக்கலமாகவே செல்வத்தை எஃகு என்கிறது. உருக்கு அப்படியல்ல, உருகு என்ற வினையிலிருந்து பிறந்தது. முன்னது போர்க்களத்துச் சொல், பின்னது பட்டறைச் சொல்.

அந்தப் பட்டறையின் வேலை எப்படி நடந்தது என்பதை 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவில் இரும்பாலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத் எழுதிவைத்தார். தேனிரும்புத் துண்டுகளோடு உலர்ந்த ஆவாரங்கட்டையைச் சின்ன மண்குகையில் போட்டு, மேலே எருக்கிலையை வைத்து, வாயைக் களிமண்ணால் அடைத்து, கரியுலையில் துருத்தி போட்டு ஊதினார்கள். கட்டையும் இலையும் கரிந்து கொடுத்த கரிமம் இரும்பில் ஏறியது. குகையை உடைத்தால் உள்ளே எஃகுக் கட்டி.

இந்தக் கட்டி மேற்காசியா வரை போய் வாளானது. பெயர் மட்டும் கன்னட, தெலுங்கு வடிவமான உக்கு வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. உக்கு உருகு என்ற வேரிலிருந்து வந்ததென்பாரும் உண்டு, எஃகோடு சேர்ப்பாரும் உண்டு. பழங்கன்னட உர்க்கு முதல் தரப்புக்கே வலுச் சேர்க்கிறது. 1795இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் வெளியிட்ட கட்டுரையில் இது ‘வூட்ஸ்’ ஆகிவிட்டது. ‘வூக்’ என்பதைப் படியெடுத்தவர் செய்த பிழை என்று ஹாப்சன்-ஜாப்சன் அகராதி கருதியது. பிழையோ என்னவோ, மைக்கேல் ஃபாரடே 1819இல் இந்திய எஃகை ஆராய்ந்தபோதும் அந்தப் பெயரையே எழுதினார். உலோகவியல் நூல்களில் இன்றும் அதுதான்.

இஸ்பாத் வந்த வழி இன்னும் சுவையானது. கடல் கடந்து வந்த போர்த்துகீசியரின் மொழியில் ‘எஸ்பாதா’ என்றால் வாள். அதற்கு மூலம் ரோமானியரின் நீண்ட வாளான ‘ஸ்பாத்தா’. அதற்கும் முன்பு கிரேக்கத்தில் அகன்ற அலகு என்ற பொருளில் ‘ஸ்பாத்தே’. தமிழில் ஆயுதமும் உலோகமும் ஒரே சொல்லில் நின்றது போலவே, இந்தியிலும் வாளின் பெயர் உலோகத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டது. சீட்டாட்டத்தில் நாம் இறக்கும் இஸ்பேடும் இதே குடும்பம்தான். ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்தது.

இவற்றில் அதிர்ஷ்டக்காரச் சொல் உக்குதான். 1966இல் விசாகப்பட்டினத்தில் ஆலை கேட்டு எழுந்த போராட்டத்தின் முழக்கத்தில் அது ஏறியது. ‘விசாக உக்கு’ இன்றும் தெலுங்கர் வாயில் புழங்குகிறது. தமிழில் சேலத்து ஆலைக்கு உருக்காலை என்ற பெயர் நிலைத்தது. எஃகு பாடநூலிலும், உறுதியைச் சொல்லும் மேடைப்பேச்சிலும் தங்கிவிட்டது. கும்மிடிப்பூண்டி ஆலைகளிலோ பில்லில் ஸ்டீல், பேச்சில் கம்பி.